மூடிக்கு அடியில் ஒரு நெருப்புப்பெட்டி

1968 மார்ச் 14, வியாழன், காலை 9.20. நெருப்புக்குச்சி பதினொன்று.

பயிற்சிப் பெட்டியின் ஆசனத்தைப் பழுதுபார்க்கக் கழற்றினேன். அடியில் உன் நெருப்புப்பெட்டி, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. நீ சிகரெட் பிடிக்காதவன். மூடியை ஒரு விரலளவு உயர்த்தி வைக்கத்தான் அதைக் கொண்டுவருவாய்.

அந்தப் பயிற்சிப் பெட்டி தரையை விட்டு எழும்பாது; கைப்பிடியை அசைத்தால் நின்ற இடத்திலேயே சரியும், திரும்பும். உள்ளே விமானத்தின் கைப்பிடியும், திசையும் சரிவும் காட்டும் முள்ளுகளும் இருக்கும். மூடினால் முகிலுக்குள் போனதுபோல ஒன்றும் தெரியாது. முள்ளுகளை மட்டும் நம்பப் பழக்குவது என் வேலை. நீ போகும் வழியை என் மேசையில் ஒரு பேனா தானாகக் கடதாசியில் கீறிக்கொண்டு போகும்.

"மச்சான், வேகுதடா. கொஞ்சம் காத்து வரட்டும்."

"மூடு. முகிலுக்குள்ள ஜன்னல் இருக்கா?"

"நீ ஃபேனுக்குக் கீழ இருந்து கதைக்கிறாய். பறக்காத வாத்தி!"

சுட்டது. இரண்டு வருடம் இங்கே பழக்கினால் மூன்றாம் வருடம் எனக்கும் பறக்க இடம் தருவார்கள் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். உன்னோடு வாதாட நேரமில்லை. கிடக்கட்டும் என்று விட்டேன். உன் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல வந்தது. பத்து மணித்தியாலமும் 'மூடியபடி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மாரியில் வாவிக்கு மேலே முகிலுக்குள் போனாய். வானொலி அறையில் நானும் நின்றேன். "நேராத்தான் போறன் மச்சான்" என்றாய். சரிந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறாய்.

விசாரணையில் என் பதிவேட்டைப் பார்த்து, பயிற்சியில் குறையில்லை என்றார்கள். பழி உன் தலையில். தன்னாமுனையில் உன் வீட்டில் உன் அப்பா என்னிடமே சொன்னார்: "பொடியன் விளையாட்டுத்தனமா ஓட்டிட்டான் தம்பி. நீங்க ஒழுங்காத்தான் பழக்கின நீங்க." அவர் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இப்போது பழகுகிற எவனாவது "நேராத்தான் போறன்" என்றால் காதில் மாட்டியிருக்கும் ஒலிக்கருவியைக் கழற்றி எறிந்துவிடுகிறேன்.

இன்று ஆசனத்தைத் திரும்பப் பூட்டி, ஏறி உட்கார்ந்து, உன் நெருப்புப்பெட்டியை வைத்து மூடினேன். பெட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இடுக்கில் அறையின் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வாவியின் நீர்க்கோடு, மட்டமாக. நீ முள்ளைப் பார்க்கவேயில்லை. வாவியைப் பார்த்துத்தான் நேராகப் பறந்திருக்கிறாய். முகிலுக்குள் அது இல்லை.

அடுத்த மாதம் எனக்குப் பறக்கும் இடம். இதைச் சொன்னால் போய்விடும். இனிச் செய்யப்போவது:

1. பதிவேட்டில் அந்தப் பத்து மணித்தியாலத்தையும் வெட்டி, 'மூடி திறந்திருந்தது, தெரிந்தே விட்டேன்' என்று எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுப்பேன். பகல் சாப்பாட்டுக்கு முன்.

2. இரண்டு மணி பஸ்ஸில் தன்னாமுனை. உன் அப்பாவிடம் சொல்லி முடிக்கும்வரை எதுவும் குடிக்கமாட்டேன்.

3. என்னை வேலையில் வைத்திருந்தால், இப்போது பழகும் மூன்று பேருக்கும் முதலிலிருந்து பயிற்சி, மூடியோடு. திட்டட்டும்.

4. நானும் உள்ளே ஏறி, மூடியை இறுக்கி, உன் பத்து மணித்தியாலத்தையும் இருந்து முடிப்பேன். நெருப்புப்பெட்டி சட்டைப்பையில் இருக்கும். வேகட்டும்.