வஞ்சிக்கு இடம் கிடைத்த விதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடி 24

அன்புள்ள ஆராவமுதனுக்கு, அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. ஆண்டாள் கிருபையில் இங்கே மூன்று பேரும் சௌக்கியம், பிலாயில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லி வருகிறேன். உன் தங்கை வஞ்சுளவல்லிக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே எழுதினால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

நீ சேர்ந்த காலம் மாதிரி இல்லை இப்போது, கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆபீஸ் வேலை பார்க்கும் நம் தெரு எலியேசர் எனக்குப் புரியும்படி சொன்னார். கல்லூரி கொஞ்சம் இடத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு மீதியைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிடுமாம், அவர்கள் மெட்ராஸில் ஒரே மண்டபத்தில் எல்லாரையும் மார்க் வரிசைப்படி கூப்பிட்டு எந்த ஊர் எந்தப் படிப்பு என்று கேட்டுக் கொடுப்பார்களாம். கல்லூரி தானாக எடுத்த பிள்ளைகளின் லிஸ்டு முன்னாலேயே அங்கே போய்விடும், அதில் பேர் இருந்தால் மண்டபத்தில் கூப்பிட மாட்டார்கள். மண்டகப்படிக்காரர்கள் திருநாளைப் பிரித்துக்கொண்டு ஒருத்தர் நாளில் இன்னொருத்தர் தலையிடாமல் இருப்பது மாதிரியா என்று கேட்டேன், சரியாப் பிடிச்சிட்டிய அக்கா என்றார். அவர் வேதக்காரர், மண்டகப்படி அவருக்கு எந்த மட்டில் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

வஞ்சிக்குக் கட்டிட இன்ஜினியரிங்தான் வேண்டும், அதுவும் மெட்ராஸில். மண்டபத்துக்கு வரச்சொல்லிக் கார்டும் வந்துவிட்டது. அப்பாவோ எலியேசரிடம் சொல்லி இங்கேயே கம்ப்யூட்டர் படிப்புக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார். கல்லூரி பஸ் நம் தெருமுனையிலேயே நிற்கிறது என்பதைக் காலையிலும் ராத்திரியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வசதிக்குத்தான் படிக்கணும்னா நான் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து படிக்கேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, வெந்நீர் வேண்டும் என்பதைக்கூட என் மூலமாகத்தான் சொன்னார்கள். அதனால் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் கிருஷ்ணன்கோவில், சிவப்புப் பூ வந்தால் மெட்ராஸ். அப்பா நானே கட்டுதேன் என்று உற்சாகமாகப் போய்ப் பூ வாங்கி இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆண்டாள் திருவடியில் வைத்து பட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், நந்தியாவட்டை. ஆண்டாளே சொல்லிட்டா சரிதான் என்று வஞ்சி வீட்டுக்கு வந்து அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் நாரோடு நறுக்கியிருந்தாள். அப்பா நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பொட்டலத்தையும் பட்டர் கொடுத்திருந்தார். சாமி பூவைக் குப்பையில் போடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் துளசிச் செடியில் போடப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெள்ளைதான். அப்பாவிடம் காட்டினேன். பூக்காரியிடம் சிவப்புப் பூ இல்லை என்றார். செவ்வரளி நம் வீட்டு வாசலிலேயே பூத்து நிற்கிறது என்றேன். செத்த நேரம் பேப்பர் படித்தார். பொறவு சொன்னார், எம்புட்டுத் தூரம் தெரியுமாட்டி மெட்ராஸ், ஏற்கெனவே ஒருத்தன் பிலாயில இருக்கான், வருசத்துக்கு ஒரு வாட்டி வாரான், வந்து நாலு நாள் தூங்கிட்டுப் போறான், இவளும் போயிட்டா நான் யாருட்டச் சண்ட போட என்று. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, அவர் சொன்னதை எழுதினேன்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கேள்வியே போய்ச் சேராத இடத்திலிருந்து பதில் வாங்கி, அதைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டோம். ஆண்டாளும் அப்பாவை விட்டுப் போனவள்தான், அவளிடம் போய் இப்படிச் செய்யலாமா என்றேன். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எலியேசர் சர்ச்சிலிருந்து வருவதற்குள் இரண்டு பேரும் அவர் வீட்டு வாசலில் நின்றோம். பேர் ஏத்தியாச்சே அக்கா, ஆனா லிஸ்டு நாளைக்குத்தான் மெட்ராஸ் போகுது, அண்ணாச்சி தன் கைப்பட வேண்டாம்னு எழுதித் தந்தா எடுத்துரலாம் என்றார். மில்லில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறவர், அந்த மூன்று வரிக்குப் பேனாவை உதறினார், மேசை ஆடுகிறது என்றார், கண்ணாடியைத் துடைத்தார். எலியேசர் சம்சாரம் இரண்டாவது தடவையும் காபி கொண்டுவந்து வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து வஞ்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பெட்டியை எடுத்துத் துடைத்தாள்.

அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் இவள் முறை வந்தபோது, அவள் கேட்ட படிப்பில் மெட்ராஸில் ஒன்றிரண்டு இடம்தான் மீதி என்று போர்டில் இருந்ததாம், மதுரைப் பக்கம் நிறைய இருந்ததாம். எது வேணும்மா என்று அந்த ஆபீசர் கேட்க, இவள் அப்பா முகத்தைப் பார்த்திருக்கிறாள். என்னைய எதுக்குப் பாக்க, செவப்பு இருக்கும்போதே எடுத்துக்கோ என்றாராம். ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆக வஞ்சி மெட்ராஸில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டலுக்கு ஆவணி பிறந்ததும் போகிறாள். அப்பா இப்போதும் சாயந்திரம் தெருமுனையில் போய் அந்த பஸ் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். வருகிறதாம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி டூட்டி என்றால் மோர் சாப்பிடாதே. வஞ்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. பூ விஷயம் உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. ஆண்டாளும் ரங்கமன்னாரும் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு, உன் நலம் கோரும்
அம்மா ஜயலக்ஷ்மி

பி.கு. தீபாவளிக்கு நீ வருவாயா மாட்டாயா என்று நேற்று பூக்கட்டிப் பார்த்தேன். வருவதற்கு வெள்ளை. இந்தத் தடவை பொட்டலத்தை நானே கட்டினேன். வெள்ளைதான் வந்தது. இன்னொன்றை நான் பிரித்துப் பார்க்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்துவிடு.