கல்லில் பதினேழு

1921 ஆகஸ்ட் 9, செவ்வாய்

மழை. ரொட்டி பாதிக்கு மேல் மிச்சம்.

மத்தியானம் ஃபான்ஷா வந்தார். ஊராட்சித் தலைவர் அல்லவா, கதவைக்கூடச் சாத்தாமல்தான் வருவார். கையில் சுருட்டிய படம். நம் கடைக்கு நேர் எதிரே, நாற்சந்தியில், போர் நினைவுச்சின்னம் வரப்போகிறதாம். கருங்கல் தூண், மேலே தலை குனிந்து நிற்கும் சிப்பாய், கீழே நம் ஊர் குல்லாரியிலிருந்து போருக்குப் போய்ச் செத்த பிள்ளைகளின் பெயர்கள்.

"கடையத் திறந்தாலே உங்க க்ளெம் பேரு கண்ணுல படும், மிஸஸ் ட்ரெவின்" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

ஐந்து வருஷம் முன்னால் இதே நாற்சந்தியில் கோதுமை வண்டிமேல் ஏறி நின்று பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தது இதே வாய்தான். க்ளெமைத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கையில் கொடியைக் கொடுத்தது இதே கைதான். அவனுக்கு அப்போது பதினாறு.

"போடுங்க. பேருக்குப் பக்கத்துல வயசையும் போடுங்க. பதினேழு வயசுல செத்தான்னு."

"வயசெல்லாம் போடறதில்லம்மா. பதவியே போடறதில்ல. அங்க எல்லாரும் சமம்."

"அப்ப என் பிள்ளை பேரு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க உங்க படத்த."

ஆகஸ்ட் 10

ஏன் வயதுக்கு இந்தப் பிடிவாதம் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். பட்டாளத்தில் சேரப் பதினெட்டு நிரம்ப வேண்டும். நிரம்பிவிட்டது, அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார்? பெற்ற அப்பன். நான் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது. திரும்பி வந்தால் பிள்ளையின் கட்டில் காலி.

க்ளெம் செத்த சேதியோடு வந்த பாதிரியார் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிய அன்றிலிருந்து எனக்கும் அந்த மனுஷனுக்கும் ரொட்டிப் பேச்சு மட்டும்தான். மாவு வந்ததா? வந்தது. அடுப்பு சரியா? சரி. பின்கட்டில் அவர், முன்கடையில் நான். ஒரே கூரைதான், கேவலம்.

கல்லில் வயது ஏறினால் ஃபான்ஷாவின் முகமும் கிழியும், அந்த மனுஷன் முகமும் கிழியும். எனக்கு இரண்டும் வேண்டும்.

செப்டம்பர் 21

ஃபான்ஷா என்னைத் தாண்டி நேரே பின்கட்டுக்குப் போனார். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்டது.

"ஆமோஸ், பிள்ளைக்கு அப்பன் நீ. நீ ஒருத்தன் சரின்னா போதும்யா. பொம்பளைங்க அழுவாங்க, அப்புறம் சரியாயிடும். நீ சொல்லு, நாளைக்கே பேரைச் சேர்த்துடறேன்."

மாவு பிசையும் சத்தம். பிறகு அந்த மனுஷன் குரல்: "ஒரு தடவ அவளக் கேக்காம கையெழுத்துப் போட்டேன். இனிமே மாட்டேன். அவ சொல்றதுதான்."

இப்போது சொல்! இப்போது நல்லவனாகு! எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசுத் தட்டை வீசி எறிந்தேன். விளிம்பு நெளிந்துவிட்டது.

நவம்பர் 3

தூணுக்குக் குழி தோண்டுகிறார்கள். செம்மண் முழுக்க என் ரொட்டி மேல்.

1922 பிப்ரவரி 16

நடுக்கோடை, வெயில் கொளுத்துகிறது. கல் வெட்டும் ஷீஹன் பன் வாங்க வந்தான். முகம் முழுக்க வெள்ளைத் தூள்.

"எழுத்து வரிசைப்படி வெட்டிட்டு வர்றேங்க. உங்க பேரு வர்ற இடம் வந்துடுச்சு. இப்பவும் வேண்டாமா?"

"வேண்டாம்."

"கல்லுங்க. அப்புறம் நடுவுல நுழைக்க முடியாது."

"வேண்டாம்னேனே, காதுல விழல?"

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தாம்சன், அடுத்தது வால்ஷ். இடைவெளியே இல்லை. க்ளெம் என்று ஒருத்தன் பிறக்காதது மாதிரி நெருக்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 25

திறப்பு விழா. கடையைச் சாத்திவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஃபான்ஷா மார்பில் என்னென்னவோ குத்திக்கொண்டு 'தியாகம்' 'தியாகம்' என்றார். தியாகம் செய்தது யார் வயிற்றுப் பிள்ளையை?

எல்லோரும் போன பிறகு வால்ஷின் அம்மா மட்டும் நின்றாள். மகன் பெயரை விரலால் மெதுவாகத் துடைத்தாள், சாப்பிட்ட வாயைத் துடைத்துவிடுவதுபோல. பிள்ளைகள் புதைந்திருக்கும் இடம் கடல் தாண்டி எங்கேயோ. எங்களில் யார் போக முடியும்? அவளுக்கு இனி இந்தக் கல் இருக்கிறது. எனக்கு?

பொறாமை. ஆமாம், பொறாமைதான். எழுதினால் என்ன?

மே 3

பாங்குக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜரின் மனைவி ரொட்டிக்கு வந்தாள். சின்னப் பெண். கல்லை ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"உங்க வீட்டுலேருந்து யாரும் போகல போலிருக்கே. குடுத்து வெச்சவங்க நீங்க."

ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தேன். அவள் போனதும் பின்கட்டுக்கு ஓடினேன்.

"கேட்டியா? நம்ம வீட்டுலேருந்து யாரும் போகலையாம்! பொய் வயசு எழுதிப் பிள்ளைய அனுப்பின, இப்ப அவன் இருந்தாங்கறதே பொய்யாப் போச்சு. நிம்மதியா உனக்கு? நிம்மதியா?"

அவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் அங்கே நிற்கவில்லை.

ஐயோ க்ளெம், நான்தானேடா உன் பேரை வேண்டாமென்றேன்.

மே 13

வால்ஷின் அம்மா காலையிலேயே ஓடி வந்தாள். நேற்று ஊர்க் கூட்டத்தில் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மனுஷன் மாவு படிந்த ஏப்ரனோடு போய் எழுந்து நின்றாராம்.

"பட்டாளத்துல சேரறப்ப என் பையனுக்குப் பதினாறுதான். பதினெட்டுன்னு பொய்யா எழுதிக் குடுத்தது நான். போறேன் போறேன்னு பிடுங்கினான், எனக்கும் பெருமையா இருந்துச்சு. அவன் பேரைப் போடுங்க, வயசோட போடுங்க. யார் எழுதிக் குடுத்தான்னு யாராவது கேட்டா அப்பன்னு சொல்லுங்க."

ஃபான்ஷா எகிறினாராம், "ஊர் மானம் போகும், குல்லாரி சின்னப் பசங்கள அனுப்புன ஊர்னு பேராகும்" என்று. அப்போது போரிலிருந்து ஒற்றைக் கையோடு திரும்பிய டன்ஸ்டன் எழுந்திருக்கிறான்: "அனுப்பினோமே! நான் அவன் பக்கத்துலதான் இருந்தேன். மீசையே வரல அவனுக்கு."

கை தூக்கச் சொன்னார்கள். ஃபான்ஷா தோற்றார்.

இதை எனக்குச் சொல்லாமல் போய்ச் செய்துவிட்டு, காலையில் "அடுப்பு சரி" என்கிறார் இந்த மனுஷன். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? முகம் கிழியட்டும் என்றுதானே கேட்டேன்?

ஜூன் 8

ரொட்டி மூட்டைக்கணக்கில் மிச்சம். தெருவில் அவர் போனால் சிலர் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று வண்டியைச் சுற்றி நின்று கைதட்டியவர்கள்.

ஜூலை 1

ஷீஹன் வெட்டி முடித்துவிட்டான். எல்லாப் பெயருக்கும் கீழே, வரிசையில் சேராமல், கடைசிப் பெயரான யேட்ஸுக்கு அடியில்: க்ளெமென்ட் ட்ரெவின், வயது 17. விரலை வைத்தேன். நடுக் குளிர்காலத்து உறைபனியில் கல் சுட்டது.

ஜூலை 4

இன்று கடையில் கூட்டம் இருந்த நேரம் பார்த்து ஃபான்ஷா வந்தார். வாங்க வரவில்லை, சொல்ல வந்தார்.

"என் வீட்டுக்கு இனிமே இங்கேருந்து ரொட்டி வேண்டாம். சொந்தப் பிள்ளைய பொய் சொல்லிச் சாகக் குடுத்தவன் கையால பிசைஞ்சது எனக்கு இறங்காது."

நான் இத்தனை வருஷமாக மனதுக்குள் சொன்னதுதான். இன்னொரு வாயிலிருந்து கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"அவரு செஞ்சத ஊர் நடுவுல நின்னு ஒத்துக்கிட்டாரு. நீ? அந்த வண்டில பிள்ளைய ஏத்தினியே, அத எப்ப ஒத்துக்கப் போற? ஆமோஸப் பத்தி என் கடைல நின்னு இன்னொரு வார்த்த பேசின, சுடுரொட்டி மூஞ்சில வரும். இறங்குய்யா கீழ!"

இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. பாங்க் மேனேஜரின் மனைவி மட்டும் இரண்டு ரொட்டி கேட்டாள்.

கடை சாத்தியதும் பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"யாரு கத்தினது?" என்றார் ஆமோஸ்.

"நான்தான்."

டீ போட்டு ஒரு குவளையை என் பக்கம் நகர்த்தினார். அடுப்பு ஆறும்வரை க்ளெமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டான் என்று சாதிக்கிறார். பதினொன்று. பெற்றவளுக்குத் தெரியாதா?