முங்கிப்போன புள்ளி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள துர்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், சாயத்தொட்டியும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் அழுத சத்தத்திலேயே தொண்டை நன்றாக இருப்பது தெரிந்தது. மறுபடி போனில் பேசினால் மறுபடி அழுவாய், எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, பொறுமை வர நாளாகும், அதனால்தான் பார்சலோடு கடிதம்.

நடந்தது இவ்வளவுதான். லேபில் சிலிக்கா பூசிய தகட்டில் கலவையால் ஒரு புள்ளி வைத்தாய், அதைக் கரைப்பானில் முழுக்க முக்கினாய், புள்ளி கரைந்து பீக்கருக்குள் போய்விட்டது. மேடம் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். அதற்காக டி.சி. வாங்கிக்கொண்டு புவனேஸ்வரத்திலிருந்து வந்துவிடுகிறேன் என்கிறாய். அம்மா அதற்குள் பக்கத்தில் ஏனாத்தூர் காலேஜில் சீட்டு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய்வரலாமாம். நல்ல வேகம்.

இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், பிறகுதான் உறைத்தது. நூல்கழியை அரைகுறையாக முக்கினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ஓர் இழைகூட வெளியே தெரியக் கூடாது என்று உன் பத்து வயதிலிருந்து கத்தியவன் நான்தான். நீ அப்பா சொன்னபடி செய்திருக்கிறாய், அதுவும் முதல்முறையாக. ஆனால் அங்கே வேலை வேறும்மா. நாங்கள் சாயத்தைப் பிடிக்க வைக்கிறோம், நீ கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டணும். கரைப்பான் புள்ளிக்குக் கீழேயே நிற்கட்டும். அது தானாக மேலே ஏறும், புள்ளியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். சிலிக்காவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது கீழே தங்கும், கரைப்பானோடு ஒத்துப்போவது மேலே போகும். எது எவ்வளவு தூரம் போனது என்பதுதான் கணக்கு.

அப்பா மட்டும் ஒழுங்கா என்று கேட்பாய். டிப்ளமோ படித்தவனாச்சே என்று வடிதாளில் கோடு போட்டு, புதிதாக வந்த அரக்குச் சாயத்தில் ஒரு புள்ளி வைத்து உப்புத் தண்ணீரில் நிறுத்தினேன். நீலம் தனியாக ஏறியது. சாயம் விற்கும் விக்ரமுக்கு அந்த நிமிஷமே போன் போட்டு, கலப்படம் என்று கத்தினேன். அம்மா எட்டிப் பார்த்து, "கோடு போட்ட பேனா இன்னா கலருங்க?" என்று கேட்டாள். நீல ஜெல் பேனா. விக்ரம் இன்னும் என்னோடு பேசவில்லை, அம்மா இன்னும் சிரிப்பதை நிறுத்தவில்லை. அதற்காக நான் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடிவிடவில்லை, மறுநாள் பென்சிலால் கோடு போட்டேன், நீலம் ஏறவில்லை.

முறுக்கோடு இரண்டு பென்சில் வைத்திருக்கிறேன், தோழிகளுக்கு முறுக்கைக் கொடு, பென்சிலைக் கொடுக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. காமாட்சியம்மன் உன்னோடு இருப்பாள், ஆனால் பீக்கரில் கரைப்பான் எவ்வளவு என்பதை நீதான் பார்க்கணும்.

டிக்கெட் போடச் சொன்னாயே, போட்டுவிட்டேன். பொங்கலுக்கு. வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு ஒன்று.

இப்படிக்கு,
பேனாவால் கோடு போட்ட உன் அப்பா,
ஜெயக்குமார்