பெட்டி இல்லாத சப்பாத்து

ஏப்ரல் 9, புதன்

பறவை பார்க்க வந்தவர்களை உப்பளக் கரை நெடுக நடத்திக் கூட்டிப்போனதில் பழைய தோல் சப்பாத்துக்குள் கால் வெந்தே போயிற்று. நாளையும் நடக்க வேண்டும். அதனால் இன்று புத்தளத்தில் வலைத்துணி வைத்த சோடி ஒன்று வாங்கினேன்.

"புதுச் சாமான் நாநா, நல்லாக் காத்துப் போகும்" என்றான் கடைக்காரன்.

பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"எலி கடிச்சிட்டு."

பெட்டியைக் கடித்த எலி சப்பாத்தை ஏன் விட்டது?

வீட்டுக்கு வந்ததும் இடது சப்பாத்தின் உள்ளே விரலைத் தேய்த்து நக்கிப் பார்த்தேன். உப்பளத்தில் வளர்ந்த நாக்கு. கரித்தது. எவனோ போட்டு வேர்க்க வேர்க்க நடந்திருக்கிறான்.

மனைவி சிரித்தாள். "கடையில நீங்க போட்டுப் பாத்தீங்கதானே? உங்கட வேர்வதான்."

ஓம், போட்டுப் பார்த்தேன். வலதை மட்டும்.