தைலமரக் காட்டில் நேர்வழி

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து தம்பி செல்வத்தோடு தைலமரக் காட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன். காட்டுக்கு அடியில் பழைய சுரங்கம்; மேலே மண் உள்வாங்கிய குழிகள் அங்கங்கே உண்டு. அதனால்தான் பாதை அத்தனை வளைவு. அதை விட்டு இறங்கக் கூடாது என்று இங்கே குழந்தைக்குச் சோறூட்டும்போதே சொல்லிவிடுவார்கள். செல்வம் இறங்கினான்.

"நீ பாதையிலயே போக்கா. நான் நேரா போறேன்."

"இன்னாடா, பைத்தியமா? நானும் வர்றேன்."

தூரத்தில் தெரிந்த, சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் ஷாஃப்ட் கோபுரத்தைப் பார்த்தபடியே நடந்தான். வேலை போனதிலிருந்து அவன் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. உண்ணிப்புதர் என் கையைக் கிழித்தது. திடீரென்று நின்றான். காலுக்கு முன்னால் வாய் பிளந்த குழி. ஒரு கல்லைப் போட்டான். விழுந்த சத்தம் வரவேயில்லை.

"எம்மாம் ஆழம் பாருக்கா."

குரலில் பயமே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீடு வரை விடவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த அடர்ந்த புதரில் சரியாக விளிம்பில் நின்றானே, கர்த்தர்தான் காப்பாற்றினார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அந்தப் புதர்தான் கண்ணிலேயே நிற்கிறது. குழிக்குப் போகும் பக்கம் மட்டும் கிளைகள் ஒடிந்திருந்தன. நாங்கள் ஒடித்தவை அல்ல. இலைகள் காய்ந்து சருகாகியிருந்தன.

கூடத்தில் படுத்திருக்கிறான். புரள்வது கேட்கிறது. வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காலையில் நான் வேலைக்குப் பெங்களூர் ரயில் பிடிக்கப் போகும்போது அதை யாரிடம் கொடுப்பேன்?