அப்பா ஜீப்னியில் பேஸ் கூட்டிய கதை

என் செல்ல மகள் லீசெலுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருக்கிறது, அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நீ அங்கே தைவான் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா, ஃபாக்டரியில் நின்றே செய்கிற வேலை என்றாயே, கால் வீக்கம் வடிந்ததா, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு தன் பங்குக்கு ஒரு கதை சொல்வார், அதில் தப்பு முழுக்க என்னுடையதாக இருக்கும். மரிலூ லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், கருவாட்டோடு இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

மெல்கோரை உனக்குத் தெரியும், அப்பா வண்டி ஓடுகிற அதே டோரில் ஊர் ரூட்டில், ஆள் ஏற்றுகிற ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர். அவர் போன மழைக்காலத்தில் வண்டியில் பெரிய பாட்டு செட் வைத்தார், பேஸ் என்கிற அந்த அடிச்சத்தம் தெருமுனையில் வரும்போதே நம் வயிற்றுக்குள் இடிக்கும். அன்றிலிருந்து காலேஜ் பிள்ளைகள் எல்லாம் அந்த வண்டிக்காகவே காத்து நிற்கிறார்கள், அப்பா காலி வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார். ஒருநாள் நாலைந்து பிள்ளைகள் தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டு, அதில் ஒருவன் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “அண்ணே, பாட்டு ரிப்பேரா? பரவால்ல, நாங்க பின்னாடி வர்ற வண்டில வந்துக்கறோம்” என்று எல்லோரையும் இறக்கிக்கொண்டு போய்விட்டானாம். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை, “என் வண்டிய ஊமைன்னு சொல்லிட்டுப் போறானுங்கடி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை உன்னை பிளேன் ஏற்றிவிட்ட அன்றுகூட அந்த மனுஷன் அப்படி முகம் வாடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

மறுநாளே சவுண்டு கடை நோனோயிடம் போய் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டியும் அதற்குள் சட்டியளவு ஸ்பீக்கரும் வைத்து, பயணிகள் உட்காருகிற நீள சீட்டுக்கு அடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்தார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, மெல்கோர் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். அதோடு விடுவாரா, இன்னொரு ஸ்பீக்கர் மாட்டினார். இந்த அதிசயத்தைக் கேள், இரண்டாவது வந்ததும் இருந்த பேஸும் போய்விட்டது, கொசு ரீங்காரம்தான் வருகிறது. நோனோய் வந்து தலையைச் சொறிந்துவிட்டு, “மூணாவதா ஒண்ணு போட்டா தூக்கிரும்ணே” என்றான், உன் அப்பாவும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை, பாட்டு தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்க, நான் வண்டிக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன், விளக்குமாறு சீட்டுக்கு அடியில் ஒரு ஒயரில் மாட்டியது, வெடுக்கென்று இழுத்தேன் பார், ஒயர் கழன்றது, திடுமென்று என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன. உன் அப்பா குளியலறையிலிருந்து தலை நிறைய சோப்பும் இடுப்பில் துண்டுமாக ஓடி வந்து, “என்னடி பண்ணினே? என்ன பண்ணினியோ அதையே மறுபடி பண்ணு!” என்று கத்துகிறார். நோனோயைக் கூப்பிட்டால் கூச்சமே இல்லாமல் சொல்கிறான், ஒரு ஸ்பீக்கருக்கு ஒயரைத் தலைமாற்றி மாட்டிவிட்டானாம், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்து, இரண்டும் சண்டை போட்டுச் சத்தத்தைத் தின்றுவிட்டதாம், நான் ஒன்றின் ஒயரைப் பிடுங்கியதும் மற்றது தனியாக முழங்கிவிட்டதாம். “உங்க ரெண்டு பேரு மாதிரிதான்க்கா” என்று என்னைப் பார்த்து வேறு சிரிக்கிறான். சரியாக மாட்டி இரண்டையும் ஒன்றாக அடிக்கவிட்டபோதுதான் அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது.

அதன்பிறகு காலேஜ் வாசலில் அப்பா வண்டிக்குத் திருவிழாக் கூட்டம், பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள், அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். ஒரே ஒரு குறை, யாராவது நிறுத்தச் சொன்னால் அவருக்குக் கேட்பதில்லை. கூரைக் கம்பியில் காசால் தட்டினால் பாட்டோடு சேர்ந்த தாளம் என்று நினைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் இறங்குகிறவர்கள், கவலையில்லை. மற்றவர்கள் தங்கள் வீட்டைக் கடந்துபோய் இறங்கித் திரும்ப நடக்கிறார்கள். கேட்டால், “நடந்தா உடம்புக்கு நல்லதுதானே” என்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் உன் தெயொதோரா அத்தை அந்த வண்டியில் ஏறினாள். ஒரு ஞானஸ்நானத்துக்குப் போகிறாள், அவள்தான் குழந்தைக்கு ஞானத்தாய், புதுப் பட்டுக் கவுன், மடியில் ஒரு பெரிய தட்டு நூடுல்ஸ். இடுப்புப் பிடிப்பு என்று இரண்டு பேர் தாங்கி ஏற்றிவிட, அந்தப் பெட்டிக்கு மேலிருக்கிற சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோயில் வந்தது, நிறுத்தடா என்று கத்தினாள், கம்பியில் தட்டினாள், எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினாள். பின்னால் இருப்பவர்களைப் பார்க்கிற கண்ணாடியில் அப்பா பார்த்தாராம். பிறந்ததிலிருந்து தம்பியை ஒரு வார்த்தை பாராட்டாத அக்கா தன் பாட்டுக்கு ஆடுகிறாளே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம், இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாராம். பிள்ளைகள் வேறு கைதட்டி, “பாட்டி சூப்பர்!” என்று கூவியிருக்கிறார்கள். கடைசி ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, “எப்படிக்கா இருக்கு?” என்று திரும்பிப் பார்த்தால், தட்டில் நூடுல்ஸ் பாதிதான் இருக்கிறது, மீதி அத்தையின் கவுனில். அதற்குள் கோயிலில் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள், ஞானத்தாயாக யார் நின்றாள் தெரியுமா, மெல்கோர் பெண்டாட்டி.

சிரிக்காதே. வண்டி அத்தை பேரில்தானே இருக்கிறது, மாமா இறந்துபோன பிறகு இத்தனை வருஷமாக அப்பாவை ஓட்ட விட்டிருக்கிறவள் அவள்தானே. “ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டாந்து என் வாசல்ல விட்டுட்டுப் போகச் சொல்லு, மெல்கோரோட மச்சானுக்குக் குடுத்துக்கறேன்” என்று ஆள் சொல்லியனுப்பிவிட்டாள். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். வண்டியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். இந்த வயதில் அவருக்கு வேறு என்ன வேலை தெரியும், சொல். நானும் கூடவே போனேன், பாட்டே போடாமல் ஓட்டிக்கொண்டு போனார், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

அத்தை வாசலுக்கு வந்தாள். எப்படி வந்தாள் என்றால், தானாக, படியிறங்கி. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தாங்கினால்தான் இறங்குகிறவள் கைத்தடி இல்லாமல் வருகிறாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தாள். “என்னடா பாக்கறே? எத்தனை டாக்டருகிட்டப் போயும் கேக்காத இடுப்பு, உன் இழவு வண்டில குலுங்கினதுல விட்டுப்போச்சு. ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன், வேற காரணமே இல்ல” என்றாள். அப்பா சாவியை நீட்டினார், அதை வாங்காமல் வண்டிக்குள் ஏறி அதே பெட்டிக்கு மேல் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். “காது கேக்கற யாராச்சும் முன்னாடி உக்காரணும், ஃபெலிசா, நீ உக்காரு. ஆபாசப் பாட்டு கூடாது” என்று உத்தரவு வேறு. அப்பா பயந்து பயந்து மெல்லமாக வைத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, “இது என்னடா, கொசு கடிக்கற மாதிரி? கூட்டுடா” என்றாள்.

இப்போது தினமும் காலையில் அத்தை போகவும் வரவும் எங்களோடு ஒரு சுற்று. நான் முன் சீட்டில் உட்கார்ந்து யாராவது நிறுத்தச் சொன்னால் அப்பா தோளில் தட்டுகிறேன், மதியத்துக்கு மேல் வாழைப்பழம் பொரித்து விற்க வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் நான் சொன்னவுடனே நின்றது இப்போதுதான், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. பஞ்சு வைத்துக்கொள்கிறேன், என் காதைப் பற்றிக் கவலைப்படாதே. சிக்னலில் அப்பா வேர்க்கடலை உரித்து என் கையில் வைக்கிறார், பேச்சு ஒன்றும் கிடையாது, பேசினாலும் கேட்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே, மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். கடைசியாக ஒன்று, அத்தையின் இடுப்பு வைத்தியத்துக்குக் கொஞ்சம் உதவி செய் மகளே என்று அப்பா உனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவார், அது மருந்து இல்லை, மூன்றாவது ஸ்பீக்கர். ஏமாந்துவிடாதே.

ஜீப்னியின் முன் சீட்டிலிருந்து,
உன் அம்மா ஃபெலிசா