செல்வியின் மண் தின்ற பாதி வேட்டி

பங்குனி, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. எல்லாம் ஒரு பழைய நூல் வேட்டியால்.

சம்பா அறுப்பு முடிந்ததும் வேளாண்மை அதிகாரி அம்மா அதை இரண்டாகக் கிழித்தார். பாதியை என் வயலிலும், பாதியை என் ஓரகத்தி செல்வியின் வயலிலும் புதைக்கச் சொன்னார். மண்ணில் நுண்ணுயிர்கள் நிறைய இருந்தால் துணியைத் தின்றுவிடுமாம். இன்று தோண்டினோம். செல்வியின் வயலில் கிடைத்தது ஜரிகைக் கரை மட்டும். என்னுடையது முழுசாக வந்தது.

"உங்க மண்ணுல உசிரு கொறச்சலா இருக்கும்மா. வைக்கோலக் கொளுத்துறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அதிகாரி.

கொளுத்துகிறேன்தான். யார் கொளுத்தவில்லை? செல்வி கொளுத்துவதில்லை. வைக்கோலை மண்ணோடு மடக்கி உழுதுவிட்டு, தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டும் விதைப்பாள்.

மாமனார் பிரித்துக் கொடுத்த ஒரே நிலம். ஒரே வாய்க்கால் தண்ணீர். நடுவில் ஒரு வரப்புதான். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கூட அவள் பக்கம்தான் குடியிருக்க வேண்டுமா?

"என் வயல்லேர்ந்து நாலு கூடை மண்ணு அள்ளிப் போட்டுக்குங்கக்கா," என்றாள். அந்தப் பெரிய மனசுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் மண்ணு எனக்கு எதுக்கு?" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாதியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் இவர் அதை எடுத்து வண்டி துடைத்தார்.

"துணி கெட்டியா நல்லாருக்கே. மறுபாதி எங்க?" என்று கேட்டார்.

செல்வியின் மண் தின்றுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.